அவங்க என்ன கேட்டாங்க?

மதுரை,
ஜூன் 12.

அன்பு மகள் பாப்பாவுக்கு,

எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பின் சேர்க்கைப் பட்டியலில் உன் பெயர் வந்துவிட்டது என்று நேற்று ராத்திரி உன் அம்மா போனில் சொன்னாள். குரலில் சந்தோஷம் பாதி, கலக்கம் பாதி. கணக்கில் பி.எஸ்சி. முடித்த பெண் ஏன் இந்தப் படிப்புக்குப் போகிறாள் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்களாம். "நாலு பேருக்கு நல்லது செய்ய மனசு இருந்தாப் போதாதா? அதுக்கு ரெண்டு வருசம் படிக்கணுமா?" என்று உன் மாமா கேட்டபோது நீ பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டாயாம். முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவள் உன் பெரியம்மா. அந்தப் பதிலை உனக்கு எழுதிவிட வேண்டும் என்று இருக்கிறது.

நான் முதல் வருடம் படித்தபோது ஃபீல்டு ஒர்க்குக்கு ஒரு கிராமத்தைக் கொடுத்தார்கள். ஊர்க் கோடியில் ஒரு பாட்டி மூன்று ஆடுகளோடு தனியாக இருந்தார். அவர் பெயரையும் ஊரையும் உனக்குச் சொல்ல மாட்டேன். கூரை ஓலை பிய்ந்து கிடந்தது. மழை பெய்தால் குடிசையில் ஒரே ஒரு மூலையில்தான் ஒண்ட முடியும். அன்றைக்கே எனக்குத் தூக்கம் போயிற்று. இரண்டு வாரம் அலைந்து நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் வாங்கினேன். ஆடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, பாட்டியை நானே பஸ்ஸில் கூட்டிப் போய்ச் சேர்த்தேன். கட்டில், மின்விசிறி, மூன்று வேளைச் சாப்பாடு. நாலாம் நாள் பாட்டி அங்கே இல்லை. விசாரித்து விசாரித்து பஸ் ஏறி, இறங்கிய இடத்திலிருந்து வெயிலில் நடந்தே குடிசைக்குத் திரும்பியிருந்தார். அதற்குள் ஓர் ஆடு செத்துப் போயிருந்தது.

என் மேற்பார்வை ஆசிரியை நான் எழுதிய பன்னிரண்டு பக்க ரெக்கார்டை முழுதாகப் படித்தார். திட்டவில்லை. "நீ பார்த்தது இதுல இருக்கு, நீ நினைச்சது இருக்கு, நீ செஞ்சது இருக்கு. அவங்க என்ன கேட்டாங்க?" என்றார். பன்னிரண்டு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். பாட்டியின் வாயிலிருந்து வந்த வாக்கியம் ஒன்றுகூட அதில் இல்லை.

அடுத்த வாரம் போய் அவர் வாசலில் உட்கார்ந்தேன். வெகுநேரம் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்டேன். என்ன வேண்டும் என்று அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். "கூரை ஒழுகுது தாயி. அந்த மாசப் பணத்துக்கு எழுதிப் போட்டேன், மகன் இருக்கான்னு திருப்பிட்டாக. அவன் போயி எட்டு வருசமாச்சு" என்றார். அவ்வளவுதான் அவர் தேவை. மகன் ஆதரவு இல்லை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, தாலுகா அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்து, முதியோர் உதவித்தொகைக்கு மறுபடி மனுப் போட்டோம். ஊர் இளைஞர்கள் சேர்ந்து கூரை வேய்ந்தார்கள். தபால்காரர் முதல் மணியார்டரைக் கொண்டுவந்த அன்று பாட்டி தன் குடிசையில், தன் ஆடுகளோடு இருந்தார்.

உன் மாமாவுக்குப் பதில் இதுதான். அந்த வயதில் என்னிடம் நல்ல மனசுக்குக் குறைவில்லை. கேட்கத் தெரியவில்லை. கேட்காமல் செய்த நல்லது ஒரு கிழவியைத் தெரியாத ஊரில் அலையவிட்டது. கேட்கக் கற்பதற்குத்தான் அந்த இரண்டு வருடம்.

இந்த நாட்டில் சமூகப்பணியைப் படிப்பாக ஆக்கியவர்கள் சேவையில் ஊறியவர்கள். பம்பாய் நாக்பாடாவில் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு சமூக இல்லத்தைப் பல ஆண்டு நடத்தியவர் அமெரிக்கரான கிளிஃபோர்ட் மான்ஷார்ட். அந்த அனுபவத்திலிருந்துதான் 1936-இல் சர் தொராப்ஜி டாடா பெயரில் இந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளி பிறந்தது; இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். சென்னையில் கில்ட் ஆஃப் சர்வீஸ் வழியாக அநாதைக் குழந்தைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் உழைத்த மேரி கிளப்வாலா ஜாதவ், 1952-இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கைத் தொடங்கினார். இவர்களுக்கு இருந்ததைவிடப் பெரிய மனசு நமக்கு இருந்துவிடப் போவதில்லை. அவர்களே பயிற்சி வேண்டும் என்று முடிவு செய்தார்கள் என்பதை மாமாவிடம் சொல்.

இனி உனக்கு முன்னால் இருக்கும் நாலு செமஸ்டரைப் பற்றிச் சொல்கிறேன்.

வகுப்பில் கேஸ் ஒர்க், குரூப் ஒர்க், கம்யூனிட்டி ஆர்கனைசேஷன் என்று மூன்று வழிகளை முதலில் கற்றுத் தருவார்கள். ஒருவரோடு, ஒரு குழுவோடு, ஒரு ஊரோடு எப்படி வேலை செய்வது என்பதே அவற்றின் சாரம். பிறகு நிர்வாகம், ஆராய்ச்சி, சமூக நடவடிக்கை வரும். ஆராய்ச்சியும் புள்ளியியலும் வரும்போது மற்றவர்கள் திணறுவார்கள்; உன் கணக்கு அங்கே உனக்குக் கைகொடுக்கும், நீ அவர்களுக்குக் கைகொடு. சட்டத்தை மட்டும் பரீட்சைக்காகப் படிக்காதே. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மூன்றையும் மூலத்திலேயே வாசி. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியாவிட்டால் நம் ஆறுதல் வெறும் பேச்சாகிவிடும்.

ஆனால் படிப்பின் உயிர் ஃபீல்டு ஒர்க்கில் இருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகளில் வாரத்தில் இரண்டு நாள் வெளியே அனுப்புவார்கள். ஒவ்வொரு நாளுக்கும் ரெக்கார்டு எழுத வேண்டும். வாரம் ஒருமுறை ஆசிரியர் உன்னைத் தனியே உட்காரவைத்துப் பேசுவார், அதை ஐ.சி. என்பார்கள். சீனியர்கள் பழைய ரெக்கார்டைத் தந்து பார்த்து எழுதச் சொல்வார்கள். வாங்காதே. பார்த்தெழுதினால் மதிப்பெண் வரும். நீ எங்கே தவறினாய் என்று உனக்குக் காட்டும் ஒரே கண்ணாடி போய்விடும். ரெக்கார்டில் அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுது. பேசும்போது அவர்கள் முன்னால் நோட்டை விரிக்காதே. பஸ்ஸில் திரும்பி வரும்போது எழுதிக்கொள்.

கேட்பதற்கும் முறை இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், காசநோய் மாத்திரையை இரண்டாம் வாரமே நிறுத்திவிட்ட ஒரு சுமைதூக்கும் தொழிலாளியை என்னிடம் அனுப்பினார்கள். ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்து அது. "ஏன் நிறுத்துனீங்க?" என்று அவரிடம் எத்தனையோ பேர் கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்வியில் குற்றம் சாட்டும் தொனி இருந்ததால் அவர் தலை குனிந்து நின்றாரே தவிரப் பேசவில்லை. நான், "மாத்திரை ஆரம்பிச்சப்புறம் உடம்பு எப்படிண்ணே இருந்துச்சு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாகச் சொன்னார்: சிறுநீர் செக்கச்செவேலென்று போனது, கூட வேலை செய்தவர்கள் கிட்னி போய்விட்டது என்று பயமுறுத்திவிட்டார்கள். ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்கு அந்த நிறம் வரும், அது ரத்தம் இல்லை என்று ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருக்கவே மாட்டார். டாக்டரிடம் அழைத்துப் போய், டாக்டர் வாயாலேயே விளக்கச் செய்தேன். மறுநாளே அந்தத் தொழிலாளி மருந்தைத் தொடங்கினார். ஒரு நோயாளிக்கும் மருந்துக்கும் நடுவே எது நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் மருத்துவச் சமூகப்பணி.

ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957-இல் எழுதிய ஏழு கோட்பாடுகளை முதல் செமஸ்டரிலேயே மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அவற்றில் இரண்டை உன் நெஞ்சில் எழுதிக்கொள். முதலாவது, முடிவெடுக்கும் உரிமை அவர்களுடையது. பாட்டியின் கதை அதுதான். இரண்டாவது, ரகசியம் காப்பது. அதற்கு ஓர் எல்லை இருக்கிறது; அதை முதல் நாளே தெரிந்துகொண்டு போ. பள்ளியில் உனக்கு ஃபீல்டு ஒர்க் கொடுத்தால் ஒரு குழந்தை உன் கையைப் பிடித்து, "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கக்கா" என்று கேட்கும் நாள் வரலாம். சத்தியம் செய்யாதே. "உன்னைப் பத்திரமா வைக்கிறதுக்கு யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்வேன்" என்று சொல். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, அப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். அன்றே உன் ஆசிரியரிடம் போ. குழந்தைகள் உதவி எண் 1098 உன் நாவில் இருக்கட்டும்.

கிராம முகாமுக்குப் போகும்போது ஒன்றைக் கவனி. ஊர்த் தலைவர்கள் உங்களை வரவேற்றுத் தங்க இடம் தருவார்கள். அந்த இடம் எந்தத் தெருவில் இருக்கிறது, அங்கே காலனிப் பிள்ளைகள் வந்து உட்கார முடியுமா என்று பார். முடியாதென்றால், நீங்கள் நடத்தும் கூட்டத்துக்கு வராதவர்களின் குரல் உங்கள் கணக்கெடுப்பிலும் இருக்காது. முதல் நாளே காலனிக்குப் போ, அங்கே தண்ணீர் வாங்கிக் குடி, அங்கேயும் ஒரு கூட்டம் போடு. சாதியைக் காணாமல் நம் ஊரில் சமூகப்பணி செய்ய முடியாது.

இரண்டாம் வருடம் ஸ்பெஷலைசேஷன் எடுக்கச் சொல்வார்கள். சம்பளத்தை நினைத்துப் பலர் மனிதவள மேலாண்மைக்குப் போவார்கள். அதைத் தாழ்வாக எண்ணாதே. 500 அல்லது அதற்கு மேல் தொழிலாளர் உள்ள ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது, தொழிலாளியின் பக்கம் நின்று பேச ஒருவர் வேண்டும் என்பதற்காகத்தான். அந்த நினைவோடு போகிறவர் போகட்டும். உனக்கு மனநலத்தில் ஆர்வம் என்று அம்மா சொன்னாள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய குடும்பங்கள்தான். பக்கத்தில் சிகிச்சையும், வழிகாட்ட ஆளும் கிடைக்காத குடும்பங்கள். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இன்று தடுக்கிறது. ஆனால் சங்கிலியை அவிழ்த்த பிறகு அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மருந்து, வேலை, அக்கம்பக்கத்துப் பேச்சு என்று எல்லாவற்றையும் குடும்பத்தோடு பேச ஓர் ஆள் வேண்டும். மனநலச் சமூகப்பணியாளர் அந்த ஆள். எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் மேற்படிப்பும் உண்டு. அதைப் பற்றி இரண்டாம் வருடம் பேசுவோம்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மருத்துவமனை, தொண்டு நிறுவனம், நிறுவனங்களின் சமூகப் பொறுப்புத் திட்டங்கள் என்று வாய்ப்புகள் உண்டு. பல இடங்களில் ஒப்பந்த வேலைதான். திட்டத்துக்குப் பணம் நின்றால் வேலையும் நிற்கும். உன்னோடு பி.எஸ்சி. முடித்துவிட்டுக் கணினிக்குப் போன தோழிகளின் சம்பளத்தை முதல் சில வருடங்களில் நீ எட்ட மாட்டாய். இதை அம்மாவும் அப்பாவும் இப்போதே தெரிந்துகொள்ளட்டும். பின்னால் மனக்கசப்பு வராது.

கடைசியாக உன்னைப் பற்றி. சில நாள் வீட்டுக்கு வந்து சாப்பிட முடியாது. பார்த்த முகம் கண்ணிலேயே நிற்கும். அது பலவீனம் என்று மறைக்காதே, அதையும் ஐ.சி.யில் சொல். அவர்கள் துயரத்தை உணர வேண்டும், அதில் மூழ்கிவிடவும் கூடாது. மூழ்கினவரால் யாரையும் கரையேற்ற முடியாது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நன்றாகத் தூங்கு. அடுத்த வாரமும் அவர்கள் வாசலுக்கு நீ போக வேண்டும் அல்லவா?

முதல் நாள் பருத்திச் சேலையோ சுடிதாரோ போட்டுக்கொண்டு, சட்டென்று கழற்ற வசதியான செருப்போடு போ. தரையில் உட்காரச் சொன்னால் தரையில் உட்கார். உன் முதல் ரெக்கார்டை எழுதி முடித்ததும், கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை படி. அவர்கள் சொன்ன வாக்கியம் அதில் இருக்கிறதா என்று பார்.

அதைப் படிக்க எனக்கு எவ்வளவோ ஆசை. ஆனால் எனக்கு அனுப்பாதே, பாப்பா. அது அவர்கள் உன்னை நம்பிச் சொன்னது. உன் ஆசிரியர் தவிர யாரும் அதைப் பார்க்கக் கூடாது, பெரியம்மாவும்தான். நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா, யாரோடு பஸ்ஸில் போகிறாய் என்று மட்டும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பெரியம்மா.