அடங்காத பிள்ளையா, அறியப்படாத பிள்ளையா?

சேலம், நாமக்கல் சமவெளியின் கிராமங்கள் பலவற்றில் விசைத்தறியின் ஓசை இரவும் பகலும் ஓய்வதில்லை. நமக்கு அது பழகிப்போன ஓசை. ஆனால், புலன்கள் பிறரைப்போல் இயங்காத சில பிள்ளைகளுக்கு அதுவே பெருந்துன்பமாகலாம். பள்ளி மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு ஓடுதல், சத்துணவுத் தட்டைத் தள்ளிவிடுதல், தன் கையைக் கடித்தல், தலையைச் சுவரில் மோதுதல் ஆகியவற்றை நாம் அடம் என்கிறோம். சிலர் பேயின் சேட்டை என்றும் கருதுகின்றனர். உண்மையில், சொல்லால் கூற இயலாததை அப்பிள்ளை செயலால் கூறுகிறது.

அமெரிக்காவில் 1880-இல் பிறந்த ஹெலன் கெல்லர், பத்தொன்பதாம் மாதத்தில் நோயுற்றுப் பார்வையையும் கேள்வியையும் இழந்தார். சிறு வயதில் உதைப்பதும், பிறர் தட்டிலிருந்து உணவைப் பறிப்பதும் அவரது வழக்கம். 1887-இல் ஆன் சல்லிவன் என்னும் ஆசிரியை வந்தார். அவர் குழாய் நீரை ஒரு கையில் விழச்செய்து, மறு கையில் நீர் என்ற சொல்லை விரற்குறிகளால் உணர்த்தினார். பொருளுக்குப் பெயருண்டு என்று அறிந்த குழந்தைக்குக் கல்வியின் வாயில் திறந்தது. 1955-இல் அவர் இந்தியாவுக்கும் வந்து சென்றார்.

ஆசிரியரும் பெற்றோரும் செய்யத்தக்கவை:

1. காதுவலி, பல்வலி, மலச்சிக்கல், வலிப்பு உண்டா என்று முதலில் மருத்துவரிடம் காட்டுக.

2. செய்கைக்கு முன் நடந்தது, பிள்ளை செய்தது, பின் விளைந்தது ஆகிய மூன்றையும் இரண்டு வாரம் ஏட்டில் குறித்து வருக. காரணம் பெரும்பாலும் அதில் புலப்படும்.

3. அடுத்து நிகழவிருப்பதை முன்கூட்டி உணர்த்துக. குளிக்கத் துண்டு, உண்ணத் தட்டு என நாள்தோறும் ஒரே பொருளைக் கையில் கொடுக்கலாம்.

4. வகுப்பில் ஓர் அமைதியான மூலையை ஒதுக்குக. மணி அடிக்கும் முன் பிள்ளையை அப்பால் அழைத்துச் செல்க.

5. பின்னாலிருந்து திடீரெனப் பிடிக்கலாகாது. அடித்தலும் கட்டிவைத்தலும் அறவே கூடா. பள்ளியில் உடல் தண்டனையை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது.

பஞ்சாயத்து அங்கத்தினருக்கும் விவசாயிகளுக்கும் இதில் பொறுப்புண்டு. ஓசைக்கு அஞ்சி ஓடும் பிள்ளை நீர்நிலையை நாடிச் செல்வதுண்டு. ஆகையால், பள்ளியருகே உள்ள கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்புதல் உடனடிக் கடமையாகும். பள்ளி நேரத்தில் ஒலிபெருக்கியைத் தவிர்க்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆட்டிசத்தையும் பார்வை, கேள்வி இரண்டும் குன்றிய நிலையையும் ஏற்றுள்ளது. நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடைய பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையுண்டு. இதனைக் கிராம சபையில் எடுத்துரைத்து, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அழைத்து உதவி பெறுக.

மரவள்ளியின் இலை மஞ்சளித்தால் செடியைக் கடிந்துகொள்வாரில்லை. மண்ணையும் நீரையும் ஆராய்கிறோம். பிள்ளையிடமும் அந்தப் பொறுமையே வேண்டும்.