பொம்மை ரயிலுக்குக் கையால் சுற்றும் டர்ன்டேபிள்

கடலூர்–விருத்தாசலம் ரயிலைப் பார்த்தே வளரும் குறிஞ்சிப்பாடிப் பிள்ளைகள் வீட்டில் பொம்மை ரயில் ஓட்டினால், இன்ஜினைத் திருப்ப ஒவ்வொரு முறையும் கையால் தூக்க வேண்டியிருக்கிறது. மெல்லிய பாகங்கள் ஒடிகின்றன. அதற்குப் பதில், இன்ஜினைத் தாங்கியபடி வட்டக் குழிக்குள் சுற்றும் பாலமான டர்ன்டேபிளை இப்படிச் செய்யுங்கள்:

1. உங்களிடம் உள்ள நீளமான இன்ஜினை அளந்து, பாலத்தை 2 செ.மீ. கூடுதலாக வெட்டுங்கள். சக்கரம் விளிம்பில் தொங்காது.

2. பலகையில் வெட்டிய குழியின் நடுவில் 608 பேரிங் பதித்து, 8 மி.மீ. போல்ட்டை அச்சாகச் செருகி, பாலத்தோடு இறுக்குங்கள். உள் துளையும் 8 மி.மீ. என்பதால் ஆட்டம் இருக்காது. கைப்பிடியைப் பலகைக்கு அடியில் போல்ட்டிலேயே மாட்டுங்கள்.

3. முக்கியமானது இதுதான்: ஒரே தண்டவாளத்தைக் குழியின் இக்கரையிலிருந்து அக்கரை வரை ஒட்டி, காய்ந்த பிறகு பாலத்தின் இரு முனையிலும் ரம்பத்தால் அறுங்கள். தனித்தனியாக ஒட்டினால் மயிரிழை விலகும். இன்ஜின் தடம் புரளும்.

4. பிளைவுட் ஓரங்களுக்கு வார்னிஷ் அடியுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் பலகை உப்பி, பாலம் சிக்கிக்கொள்ளும்.

5. பாலத்துக்கு மின்சாரத்தைத் தனி இருமுனை இருவழிச் (DPDT) சுவிட்ச் மூலம் கொடுங்கள். இல்லாவிட்டால் அரைச் சுற்றில் மின்முனைகள் இடம் மாறி ஷார்ட் ஆகும்.

6. வலமாக அரைச் சுற்று சுற்றினால், அடுத்து இடமாகச் சுற்றுங்கள். ஒயர் முறுக்காது.

இன்ஜினை ஏற்றும் முன் வெறும் பாலத்தை இருபது முறை சுற்றிப் பாருங்கள்.