அடுத்த படகு எது?

கடற்றொழிலாளிக்குப் படகு வெறும் உடைமையன்று. தகப்பன் காலத்திலிருந்து உழைத்தது; பிள்ளைகளைப் படிக்கவைத்தது; அந்தோனியார் பெயரையோ அன்னம்மாள் பெயரையோ அணியத்தில் தாங்கி நின்றது. அது போய்விட்டால் வீட்டிலொருவர் போனதுபோன்ற துயர் வருவது இயல்பே. 1990, 1991ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்த தீவுப்பகுதி மக்கள் இத்துயரை அறிவார்கள். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலையால் தாக்குண்ட வடமராட்சி கிழக்கு, முல்லைத்தீவு மக்களும் அறிவார்கள்.

துயரோடு புதுப் படகு தேடுபவர் இரண்டு வழிகளில் தவறக்கூடும். போனதைப் போலவே இன்னொன்று வேண்டுமென்று அலைவது ஒன்று. அயலவர் வாங்கியதையோ இலவசமாகக் கிடைத்ததையோ ஆராயாமல் ஏற்பது மற்றொன்று. படகைத் தெரிய வேண்டியது நமது கடலும் தொழிலும் கைவலுவுமே. இதை ஐந்து படிகளில் பார்ப்போம்.

முதலாவது: கடல்

தீவுகளில் வாழ்வோருக்கு இரண்டு கடல்கள் உண்டு. தீவுகளுக்கு உட்பட்ட பரவைக்கடல் பல இடங்களில் இடுப்பளவு ஆழந்தான். அங்கே நண்டு வலை, இறால் வலை போடுபவருக்கு மரக்கோல் ஊன்றிச் செல்லக்கூடிய, அடி தட்டையான சிறு வள்ளம் போதும். நெடுந்தீவுக்கு அப்பாலுள்ள வெளிக்கடல் வேறு. சோளகக் காலத்தில் குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போனவர்கள் அந்த அலையை அறிவார்கள். அதற்கு அணியம் உயர்ந்த, பக்கச்சுவர் உயர்ந்த படகு வேண்டும். மூன்றரைத் தொன் படகு பெரிதுதான். ஆனால் அதைக் கட்டிவைக்க ஆழமான துறையும், ஓட்டிச்செல்லத் துணை ஆட்களும் தேவை.

இரண்டாவது: மரமா, கண்ணாடியிழையா?

மரவள்ளம் பாரமானது, அலையில் அடங்கி நிற்கும். ஆனால் புழு குடையும். பலகை இடுக்குகளை ஆண்டுதோறும் அடைத்து எண்ணெய் பூசவேண்டும். நல்ல மரமும் அனுபவமுள்ள ஓடாவியும் கிடைப்பது இன்று அரிது. கண்ணாடியிழைப் படகு நமக்குப் புதிதன்று. நோர்வே நாட்டு உதவியுடன் காரைநகரில் இயங்கிய சீநோர் நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே அதை இங்கு அறிமுகப்படுத்தியது. அது இலேசானது, புழு தின்னாது, சிலர் கூடிக் கரையேற்றிவிடலாம். ஆனால் இலேசானது அலையில் துள்ளும். மரவள்ளத்தில் பழகியவர், வலையையும் ஐஸ் பெட்டியையும் எங்கே வைத்தால் சமநிலை வரும் என்பதைப் புதிதாகப் பழகவேண்டும்.

மூன்றாவது: ஓடு

ஆழிப்பேரலைக்குப் பின் அவசரமாகக் கட்டி வழங்கப்பட்ட படகுகள் பல தரக்குறைவானவை என்று பின்னர் தெரியவந்தது. எனவே கையால் தட்டிப் பாருங்கள். இடத்துக்கிடம் ஒலி வேறுபட்டால் உள்ளே வெற்றிடம் இருக்கலாம். வெயிலில் நிறுத்தி உள்ளிருந்து பாருங்கள். ஒளி சீராக ஊடுருவாவிட்டால் தடிப்பு ஒரே அளவாக இல்லை என்பது பொருள். இயந்திரம் பூட்டும் பின்பலகையில் வெடிப்பு இருக்கலாகாது. தண்ணீர் நிறைந்தாலும் படகு மிதப்பதற்கான மிதவை அறைகள் உண்டா என்று கேளுங்கள். உயிர் காப்பது அதுவே.

நான்காவது: இயந்திரம்

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக உயர்ந்தது. ஒரு பயணத்துக்கு 20 லீற்றர் எரித்தவரின் செலவு 1740 ரூபாவிலிருந்து 6800 ரூபாவானது. மீன் படாத நாளிலும் அச்செலவு குறையாது. ஆகவே தேவைக்கு மேற்பட்ட குதிரைவலு பெருமைக்குரியதன்று. பாயும் சவளும் படகில் இருக்கட்டும். இயந்திரம் நின்ற இரவில் அவை வீடு சேர்க்கும்.

ஐந்தாவது: கடன்

கையிலுள்ள பணம் முழுவதையும் படகிலே போட்டுவிட்டால் வலைக்கு என்ன செய்வது? இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துச் செல்லும் கடலில், மறுவலைக்கும் ஒரு பங்கு ஒதுக்கவேண்டும். முதலாளியிடம் முற்பணம் வாங்கினால் மீனை அவர் சொன்ன விலைக்கே கொடுக்க நேரும். முதலில் கூட்டுறவுச் சங்கத்தை நாடுங்கள். படகைக் கடற்றொழில் திணைக்களத்தில் பதியத் தவறாதீர்கள். கடலடி இழுவைக்கென்று படகு வாங்க நினைப்பவர், 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்துள்ளதை அறியவேண்டும். அது நம் பிள்ளைகளின் கடலையும் வறிதாக்கும்.

அப்படியானால் பழைய படகை மறந்துவிடுவதா? வேண்டியதில்லை. அதன் பெயரைப் புதியதற்கு இடலாம். அதில் நின்று கற்ற நீரோட்டமும் காற்றும் பார்க் குறிப்பும் நம்மிடமே இருக்கின்றன. அவற்றுக்குப் புதுப் படகிலும் வேலையுண்டு. ஆனால் பழையதன் அளவும் வடிவும், இன்றைய தொழிலுக்கும் இன்றைய வயதுக்கும் பொருந்தினால் மட்டுமே திரும்பி வரவேண்டும். இருபது வயதில் இழுத்த வள்ளத்தை ஐம்பது வயதில் இழுக்க முடியுமா?

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட:

1. நம் துறையில் வற்று நேரத்தில் எவ்வளவு ஆழம்? அதற்கு எந்தப் படகு பொருந்தும்?

2. ஒரு மாத எரிபொருள், வலை, தவணைச் செலவை எத்தனை பேர் எழுதிக் கணக்குப் பார்க்கிறோம்?

3. படகு இழந்த குடும்பம் புதியதைத் தெரியும்வரை, அவர்களைப் பங்காளராகச் சேர்த்துக்கொள்ள யார் முன்வருவார்?