சான்று முடிந்த வண்டியும் அச்சமும்

அச்சம் காரணமின்றித் தோன்றுவதன்று. காரணம் நீங்கின் அச்சமும் நீங்கும்.

புனே விமான் நகரில் ஆட்டோ ஓட்டும் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வண்டியின் தகுதிச் சான்று காலாவதியாகிவிட்டது. நகர் சாலைச் சந்திப்பில் காவலர் நிற்பாரோ என்றஞ்சிக் குறுக்குத் தெருக்களில் சுற்றுகிறார். எரிபொருள் வீண், சவாரியும் குறைவு, இரவில் உறக்கமில்லை.

இவ்வச்சத்திற்குக் காரணம் காவலரா? அன்று. அவர் இல்லாத தெருவிலும் அது உடன் வருகின்றதே! காலாவதியான சான்றே காரணம்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, தகுதிச் சான்றில்லாத வாடகை வண்டி, பதிவில்லாத வண்டியாகவே கருதப்படும். முதற் குற்றத்திற்கு 2,000 முதல் 5,000 ரூபாய் வரை தண்டம் உண்டு. வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் சான்றைப் புதுப்பித்தல் வேண்டும். சொந்த வண்டிக்கோ பதிவு 15 ஆண்டு செல்லும். ஆயினும் புகைச் சான்று தனியே வேண்டும்.

இச்சோதனை எதற்கு? பிரேக், விளக்கு, ஸ்டீரிங், டயர் ஆகியவை செவ்வனே உள்ளனவா என்று காண்பதற்கே. காவலரின் கண்ணுக்குத் தப்பலாம். அதனால் தேய்ந்த பிரேக் பிடிக்குமா? பின்னிருக்கையில் அமர்ந்த தாயும், சாலையைக் கடக்கும் குழந்தையும் நம்மை நம்பியே உள்ளனர்.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை மூன்று: சான்று முடியும் நாளை வீட்டுச் சுவரில் எழுதிவைத்தல், ஒவ்வொரு நாள் வருவாயிலும் சிறு தொகை சேர்த்தல், ஒரு மாதம் முன்னரே விண்ணப்பித்தல். முடிந்துபோயிருப்பின், சவாரி ஏற்றாது முதலில் சோதனைக்கு ஏற்பாடு செய்க. சிலநாள் கூலி போகும், நல்லுறக்கம் திரும்பும்.