இலவசக் கல்வியும் வாக்குரிமையும்

தரம் 11: வரலாறு, குடியுரிமைக் கல்வி ஆகிய இரு பாடங்களுக்கும் உரியது

"இலங்கையில் இலவசக் கல்வியின் தந்தை எனப் போற்றப்படுபவர் யார்?" என்று கேட்டால் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா என எல்லா மாணவரும் எழுதிவிடுவர். ஒரு புள்ளி கிடைத்துவிடும். ஆனால் அதே வினாவின் அடுத்த பகுதியில், "இத்திட்டம் நடைமுறைக்கு வர ஏதுவாயிருந்த காரணிகளை விளக்குக" என்று வந்ததும் பலருடைய பேனா நின்றுவிடுகிறது. "அவர் நல்லவர், ஏழைகள் மீது இரக்கம் கொண்டவர்" என்று எழுதினால் புள்ளி கிடைக்காது. இரக்கமுள்ளவர்கள் 1931க்கு முன்னரும் இருந்தார்கள். அப்போது வராத திட்டம் பின்னர் ஏன் வந்தது என்பதே வினா.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக் கொள்வோம். 1945க்கு முன்னர் எல்லாப் பாடசாலைகளிலும் கட்டணம் அறவிடப்பட்டது என்று பல மாணவர் நினைக்கின்றனர். அது சரியன்று. தமிழ், சிங்கள மொழிகளில் கற்பித்த சுயமொழிப் பாடசாலைகளில் கட்டணம் இருக்கவில்லை. கட்டணம் அறவிட்டவை ஆங்கிலப் பாடசாலைகள். எழுதுவினைஞர் முதல் வைத்தியர், சட்டத்தரணி வரை எந்தத் தொழிலுக்குப் போவதற்கும் ஆங்கிலம் வேண்டும். அதாவது கிராமத்துப் பிள்ளை எழுத வாசிக்கப் பழகுவதற்குத் தடையில்லை. அதற்கு மேலே ஏறும் படியில்தான் காசு கேட்கப்பட்டது. விடையில் இந்த வேறுபாட்டை எழுதும் மாணவர் பாடத்தை விளங்கிப் படித்தவர் என்பது திருத்துபவருக்கு உடனே தெரிந்துவிடும்.

1931இல் நிகழ்ந்த மாற்றம்

டொனமூர் அரசியல் யாப்பின்படி 1931 ஆம் ஆண்டு 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டது. அதற்கு முன் சொத்து, வருமானம், கல்வி ஆகிய தகுதிகளைக் கொண்ட சிறு தொகையினரே வாக்காளர். அவர்களுடைய பிள்ளைகள் ஏற்கனவே கட்டணம் செலுத்திப் படித்துக் கொண்டிருந்தனர். 1931க்குப் பின் சபைக்குப் போக விரும்பியவர் வயலில் நிற்பவரிடமும் கூலி வேலை செய்பவரிடமும் வாக்குக் கேட்க வேண்டியதாயிற்று. அவர்கள் தம் பிள்ளைகளுக்கு வேண்டியதைக் கேட்டார்கள்.

அரசாங்க சபைக்குத் தெரிவான கன்னங்கரா, கல்வி நிர்வாகக் குழுவின் தலைவராகவும் கல்வி அமைச்சராகவும் ஆனார். 1947 வரை அப்பதவியில் இருந்தார். அவரும் புலமைப்பரிசில் பெற்றே காலி றிச்மண்ட் கல்லூரியில் படித்தவர். 1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம், கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள், அவற்றுக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் புலமைப்பரிசில் பரீட்சை என்பன இக்காலத்துக்குரியவை. நீங்கள் தரம் 5இல் எழுதிய பரீட்சையின் வேர் அங்கேதான் உள்ளது.

1940இல் நியமிக்கப்பட்ட கல்விக்கான விசேட குழு கன்னங்கராவின் தலைமையில் இயங்கி 1943இல் தனது அறிக்கையை வெளியிட்டது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கல்வி, ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழி என்பன முக்கிய விடயங்கள். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. யுத்த காலத்தில் இவ்வளவு செலவு செய்ய முடியுமா என்றனர் சிலர். உதவி நன்கொடை பெற்று வந்த சமயப் பாடசாலைகளின் முகாமையாளர்கள் தமது அதிகாரம் போய்விடும் என அஞ்சினர். எல்லோரும் படித்தால் உடலுழைப்புக்கு ஆள் கிடைக்காது என்ற அச்சமும் வசதி படைத்தோரிடம் இருந்தது. (இந்தக் கடைசி எதிர்ப்பை விடையில் எழுதத் தயங்க வேண்டாம்.) 1944 மே மாதம் அரசாங்க சபையில் விவாதம் ஆரம்பமாகியது. 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னரும் சட்டத்தை உறுதிப்படுத்தப் பொதுக்கூட்டங்களும் மனுக்களும் தேவைப்பட்டன. 1947இல் கல்விக் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டது.

அதே 1947இல் நடைபெற்ற பொதுத் தேர்தலில் கன்னங்கரா மத்துகமையில் தோல்வியடைந்தார். ஆனால் பின்னர் வந்த எந்த அரசாங்கமும் இலவசக் கல்வியை நீக்கத் துணியவில்லை. வாக்காளரின் பிள்ளைகள் அந்தப் பாடசாலைகளில் அமர்ந்திருந்தார்கள்.

வெளியே நின்ற பிள்ளைகள்

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். வினாத்தாளில் அடிக்கடி வராவிட்டாலும் இப்பகுதியைத் தவிர்த்துவிட்டுப் படிக்க வேண்டாம்.

பெருந்தோட்டங்களில் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் பொறுப்பு 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தினால் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பிள்ளை படித்தால் கொழுந்து பறிக்க ஆள் குறையும் என்ற நிலையிலுள்ள நிர்வாகத்திடம் பிள்ளையின் படிப்பை ஒப்படைத்தால் என்ன நடக்கும்? ஓராசிரியர், ஓர் அறை, ஆரம்ப வகுப்புகள். அதற்கு மேல் பெரும்பாலும் இல்லை. 1947 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்பதற்கு வழி செய்யப்பட்டும் பெரும்பாலான தோட்டங்களில் அது நடைபெறவில்லை.

அதே 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலையகத் தொகுதிகளிலிருந்து 7 உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1949 ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டத்தினால் வாக்குரிமையும் போயிற்று. தந்தைக்கும் தாய்க்கும் வாக்கு இல்லை. பிள்ளையின் பாடசாலைக்காகப் பாராளுமன்றத்தில் பேசுவதற்கு ஆளும் இல்லை. நாட்டின் ஏனைய பகுதிகளில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் அப்படியே விடப்பட்டன. 1977 தொடக்கமே அவை படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. கணக்குப் பார்த்தால் 1945இலிருந்து 32 ஆண்டுகள். ஏறக்குறைய இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் அந்த இடைவெளியில் வளர்ந்து கொழுந்துக் கூடையைத் தூக்கிவிட்டனர்.

1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து தெரிவாகி, 1978இல் அமைச்சரானார். இதுவே பாடசாலைகள் பொறுப்பேற்கப்பட்டதற்கான ஒரே காரணம் என எழுதிவிட வேண்டாம். 1972, 1975 ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டங்களினால் தோட்டங்கள் அரசுடைமையானதும் முக்கிய காரணி.

கட்டணம் நீங்கியது போதுமா?

கட்டணம் இல்லை என்றாலும் புத்தகமும் உடையும் வாங்கப் பணம் வேண்டும். இலவசப் பாடநூல் 1980இலும் இலவசச் சீருடை 1993இலும் வந்தன. பாடசாலைக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கும் ஒழுங்குவிதிகள் 1998 ஜனவரியில் 5 முதல் 14 வயது வரையானோருக்கு நடைமுறைக்கு வந்தன. 2016இல் எல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. இங்கே ஒரு முரண்பாட்டை அவதானிக்க. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது அப்போதும் 14 ஆகவே இருந்தது. 15 வயதுப் பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும் என்றது ஒரு சட்டம், வீட்டு வேலைக்கு வைத்திருக்கலாம் என்றது இன்னொன்று. 2021இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலமே இது 16 ஆக உயர்த்தப்பட்டது.

சிறுவர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது. 1992இல் சிறுவர் பட்டயம், 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை என்பன தொடர்ந்தன. சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துக் கூறும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்கிறது. வாக்கில்லாத உங்களுக்கு இன்று உள்ள கருவிகளுள் அதுவும் ஒன்று.

மாதிரி வினா

(அ) 1945க்கு முன்னர் இலங்கையில் நிலவிய இருவகைப் பாடசாலைகளையும் குறிப்பிடுக. (2 புள்ளி)
(ஆ) சர்வசன வாக்குரிமைக்கும் இலவசக் கல்விக்கும் இடையிலான தொடர்பை விளக்குக. (4 புள்ளி)
(இ) "1945இல் இலவசக் கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது." இக்கூற்றை ஆராய்க. (6 புள்ளி)

குறிப்பு: (இ) பகுதிக்கு "ஆம்" அல்லது "இல்லை" என்று மட்டும் தொடங்கி எழுத வேண்டாம். கிடைத்தவர் யார், கிடைக்காதவர் யார், எந்த ஆண்டு வரை, எக்காரணத்தால் என்ற ஒழுங்கில் எழுதுக. 1948, 1949, 1977 ஆகிய மூன்று ஆண்டுகளும் விடையில் இடம்பெற வேண்டும்.