நீதிபதி மாறும்போது: ஜூனியர்களுக்குச் சில சொற்கள்

1. சாட்சி விசாரணை பாதியில் இருக்கும்போது நீதிபதிக்கு மாறுதல் உத்தரவு வந்தால், ‘மறுபடி முதலிலிருந்தா சார்?’ என்றுதான் கட்சிக்காரர் கேட்பார். இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், கட்டளை 18, விதி 15-இன்படி, மரணம், மாறுதல் அல்லது வேறு காரணத்தால் ஒருவர் முடிக்க முடியாத வழக்கை, அடுத்து வருபவர் விட்ட இடத்திலிருந்து நடத்தலாம். பதிவான சாட்சியம் தம் முன்னால் பதிவானது போலவே அவருக்குப் பயன்படும்.

2. ஆனால் சாட்சியின் முகத்தை அவர் பார்த்திருக்க மாட்டார். கிரையப் பத்திரத்துச் சாட்சியிடம் ‘இது உங்கள் கையெழுத்தா?’ என்கிறீர்கள். அவர் வாதியைத் திரும்பிப் பார்க்கிறார், கண்ணாடியைத் துடைக்கிறார், பிறகு ‘இருக்கலாம்’ என்கிறார். வாக்குமூலத்தில் ஏறுவது அந்த ‘இருக்கலாம்’ மட்டும்தான். சாட்சியின் நடத்தையை நீதிபதி குறித்துவைக்க விதி 12 இடம் தருகிறது. அப்போதே எழுந்து கேளுங்கள். அவர் குறிக்காவிட்டால், ‘பதில் சொல்லும் முன் வாதியைப் பார்த்தீர்கள் அல்லவா?’ என்று அடுத்த கேள்வியாகப் போடுங்கள். ஆம், இல்லை எதைச் சொன்னாலும் பதிவில் ஏறிவிடும். நல்ல ஜூனியர்கள்கூடச் செய்யாமல் விடுவது இதைத்தான்.

3. ஆட்சேபணையோடு குறியீடு செய்த ஆவணம் என்றால், அந்த ஆட்சேபணை எழுத்தில் இருக்கிறதா என்று அன்றே பாருங்கள்.

4. தீர்ப்புக்குப் போட்ட வழக்கில் இரண்டு நிலை உண்டு. எழுதி முடித்து, அறிவிக்காமல் போயிருந்தால், கட்டளை 20, விதி 2-இன்படி அடுத்தவர் அதையே அறிவிக்க வேண்டும். எழுதவில்லை என்றால் வாதம் மறுபடியும்தான். ஆகவே எழுத்து வாதுரையை வாய்வாதம் முடியும் முன்பே தாக்கல் செய்துவிடுங்கள். யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

5. புது நீதிபதி வந்த கையோடு, விட்டுப்போன கேள்விகளுக்காகச் சாட்சியைத் திரும்ப அழைக்க மனுப் போடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. கட்டளை 18, விதி 17 ஓட்டையை அடைப்பதற்கு அல்ல, நீதிமன்றத்தின் ஐயம் தீர்ப்பதற்கு என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

6. வக்கீலாக இருந்த காலத்தில் தாம் ஆஜரான வழக்கே தம்மிடம் வந்தால், நீதிபதி ஒதுங்கிக்கொள்வார். அப்படிப் பிரிவு 24-இன் கீழ் வேறு நீதிமன்றத்துக்கு மாறும் வழக்கை அங்கே விட்ட இடத்திலிருந்தும் தொடரலாம், புதிதாகவும் விசாரிக்கலாம். மாற்றல் உத்தரவில் அதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று முதல் வாய்தாவுக்கு முன்பே படித்துவிட்டுப் போங்கள்.