டி உயிரணுவும் அதன் வளர்ச்சிச் செய்தியும்

நோய்க்கிருமிகளை எதிர்த்து நம் உடலைக் காக்கும் படையுள் டி உயிரணு தலையாயதொன்று. எலும்பு மச்சையிற் பிறந்து, நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்தலின், அச்சுரப்பியின் ஆங்கில முதலெழுத்தே அதற்குப் பெயராயிற்று. அது எவ்வாறு விழித்தெழுந்து பெருகுகின்றது என்பதை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

அதற்கு வேண்டும் ஏவல் மூன்று. முதலாவது, பிறிதோர் உயிரணு ஏந்திக் காட்டும் கிருமித் துணுக்கைத் தன் ஏற்பியால் அறிதல். இரண்டாவது, காட்டிய அவ்வுயிரணுவே உடன்பாடுந் தருதல். முதலது கிட்டி இரண்டாவது கிட்டாதாயின், டி உயிரணு செயலற்று ஒடுங்கும். தன்னுடலையே பகையெனக் கொள்ளாமைப் பொருட்டு அமைந்த காவல் இது. மூன்றாவது, சைட்டோகைன் எனப்படும் சிறு புரதச் செய்தி.

இச்செய்திகளுள் வளர்ச்சிக்கு உரியது இன்டர்லியூக்கின்-2. டி உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் நெடுநாள் வளர்க்கவல்ல பொருளொன்று உண்டென 1976-ஆம் ஆண்டில் மார்கன், ருசெட்டி, காலோ என்னும் மூவர் அமெரிக்காவிற் காட்டினர். அதுவே பின்னர் இப்பெயர் பெற்றது. விழித்த உயிரணு இதனைத் தானே சுரந்து தானே ஏற்கும். அப்பொழுது அதன் ஏற்பியில் புதியதொரு கூறு சேர்தலின், மிகச் சிறிய அளவும் அதற்கு எட்டும். உடனே ஏற்பியின் உட்புறத்தே ஜாக்-1, ஜாக்-3 என்னும் நொதிகள் எழுந்து ஸ்டாட்-5 என்னும் புரதத்தைத் தூண்ட, அது உட்கருவினுட் புக்கு வளர்ச்சிக்குரிய ஜீன்களை இயக்கும்.

இவ்வேற்பியின் ஒரு கூறு வேறு சில இன்டர்லியூக்கின்களுக்கும் பொதுவானது. அது பழுதுறின் டி உயிரணுக்கள் தோன்றி வளர்தலே அரிதாம். 1971-இல் அமெரிக்காவிற் பிறந்த டேவிட் வெட்டர் என்னும் சிறுவன் இந்நோயினால் கிருமி புகாத பிளாஸ்டிக் அறையினுள்ளே வளர்ந்து, 1984-இல் தன் பன்னிரண்டாம் வயதில் இறந்தான். நோயின் காரணம் இக்கூறே என்பது 1993-இல் தான் வெளிப்பட்டது.

இனி ஒரு வியப்பு. இன்டர்லியூக்கின்-2 அற்ற எலிகளிற் படை மெலியும் என்பதே எதிர்பார்ப்பு. கண்டதோ, டி உயிரணுக்கள் மிகுந்து எலியின் குடலையே தாக்கியமை. படையை அடக்கும் ஒழுங்குறுத்தும் டி உயிரணுக்களும் இச்செய்தியாலேயே வாழ்தலே அதற்குக் காரணம். அவ்வகை உயிரணுக்களைச் சககுச்சி 1995-இல் விளக்கினார். அவருக்கும் பிரன்கோ, ராம்ஸ்டெல் என்போர்க்கும் 2025-இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

எனவே, எழுப்புவதும் அடக்குவதும் ஒரே செய்தி. மிக்க அளவிற் கொடுப்பின் புற்றுநோயை எதிர்க்கப் படை எழும்; குறைந்த அளவிற் கொடுப்பின் அடக்குவோரே பெருகுவர். சொல் ஒன்றேயாயினும், கேட்போரும் அளவும் வேறுபடப் பயனும் வேறுபடும் என்பதை மொழி பயிலும் யாம் இதனுள்ளுங் காண்கின்றோம்.